இரலைத் தீவும் ஏரி நீரும்

நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருக என மலர்க் குழுவினர் பணித்தபோது, கல்வெட்டையோ கோயிலையோ பற்றி எழுதுவேன் என்றே அவர்கள் எண்ணியிருக்கக் கூடும். நான் எடுத்துக்கொண்டதோ கடல் கடந்த ஒரு தீவின் வரலாறு. நெய்தலையும் பாலையையும் நாம் வேறுவேறு நிலங்களாகப் பிரித்துப் பாடிப் பழகியவர்கள். அவ்விரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும் இடம் ஒன்றை என் கண்ணால் கண்டேன். கண்டதைக் கவிதையாக்கும் ஆற்றல் எனக்கில்லை. அங்கு நிகழ்ந்தவற்றை முறையாகச் சொல்லி வைக்கிறேன், பாடுவோர் பாடுக.

அமெரிக்காவின் மேற்கில் யூட்டா மாநிலத்தில் உள்ளது பெரிய உப்பேரி. அதன் தீவுகளுள் பெரியது 'ஆன்டிலோப் ஐலண்ட்'. ஆன்டிலோப் என்பதற்கு நம் பழந்தமிழில் இரலை என்னும் அழகிய சொல் இருப்பதால், இரலைத் தீவு என்றே நான் அதனை வழங்கப் போகிறேன். பணி ஓய்வுக்குப் பின் மகள் வீட்டில் சில திங்கள் தங்கியிருந்த காலத்தில், 2022ஆம் ஆண்டு அக்டோபர் முற்பகுதியில் ஒருநாள் அங்கே செல்ல வாய்த்தது. தீவு என்றதும் படகுப் பயணம் என்று கருதி, காலையிலேயே கம்பளிச் சட்டையும் குல்லாயும் அணிந்து வாயிலில் நின்றேன். "மாமா, படகெல்லாம் வேண்டாம், கார் போகும்" என்றார் மருமகன். காருக்குச் சாலை இருந்தது. ஆனால் அந்தச் சாலையின் இருமருங்கிலும் இருக்க வேண்டிய ஏரி இல்லை.

கரையிலிருந்து தீவுக்கு ஏழு மைல் நீளத்திற்கு மேட்டுச்சாலை இட்டிருக்கிறார்கள். அதன் இருபுறமும் சாம்பல் நிறச் சேறும், வெடித்த தரையும், ஆங்காங்கே உப்புப் பூத்த வெண்மையுமாகக் கிடந்தன. வேதாரணியத்து உப்பளங்களைக் கோடையில் கண்டவர்கள் அந்தக் காட்சியை மனத்தில் கொண்டு, அதனை நூறு மடங்கு பெருக்கிக்கொள்க. நெடுந்தொலைவில் ஒரு மெல்லிய நீலக்கோடு தெரிந்தது. அதுதான் ஏரி என்றார்கள். தீவின் வட முனையில் கட்டப்பட்ட படகுத்துறையில் படகு ஒன்றேனும் இல்லை. மிதக்க வேண்டிய மிதவைத் தளங்கள் தரையில் படுத்திருந்தன. என் பேத்திக்கு ஏழு வயது. "தாத்தா, சுற்றித் தண்ணீர் இருந்தால்தானே தீவு?" என்று பள்ளிப் பாடத்தை நினைவுபடுத்தினாள். அதற்கு விடை சொல்ல அன்று என்னால் இயலவில்லை. பின்னர் நூலகத்தில் அமர்ந்து படிக்கத் தொடங்கியபோதுதான், அவள் கேட்டதே இத்தீவின் வரலாறு முழுவதையும் திறக்கும் திறவுகோல் என்று விளங்கிற்று.

இந்த ஏரிக்கு ஆறுகள் வந்து சேர்வதுண்டு. ஏரியிலிருந்து ஓர் ஆறும் வெளியேறுவதில்லை. கரடியாறு, வெபர், யோர்தான் எனும் மூன்று ஆறுகள் மலைப்பனி உருகிய நீரைக் கொணர்கின்றன. வெயில் நீரைக் கொண்டுபோகிறது. உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. பனியூழிக் காலத்தில் இங்கே நன்னீர்ப் பேரேரி ஒன்று இருந்தது. அதனை ஆராய்ந்து 1890இல் பெருநூல் வெளியிட்ட நிலவியலறிஞர் குரோவ் கார்ல் கில்பர்ட், அதனைப் போனவில் ஏரி என்று அழைத்தார். அதன் எச்சமே இன்றைய உப்பேரி. தீவின் மலைச்சரிவில் படிக்கட்டுகளைப் போலக் கோடுகள் ஓடுகின்றன. அவை அப்பழைய ஏரியின் அலைகள் அரித்த கரைகள். ஏரி தாழ்ந்த கிண்ணம் போலன்றித் தட்டுப்போல் விரிந்தது. ஆதலால் நீர்மட்டம் ஓரடி ஏறினாலும் இறங்கினாலும் கரை மைல்கணக்கில் இடம் மாறும். தீவு சில காலம் தீவாகவும் சில காலம் தீபகற்பமாகவும் இருந்து வந்திருப்பது இதனால்தான்.

தீவின் நீளம் 15 மைல். பரப்பு ஏறத்தாழ 28,000 ஏக்கர். நடுவே ஓங்கும் ஃப்ரேரி சிகரம் கடல்மட்டத்திலிருந்து 6,596 அடி உயரம். சுற்றிலும் வாயில் வைக்க முடியாத உவர்நீர். ஆயினும் தீவுக்குள், பெரும்பாலும் கிழக்குச் சரிவில், 40க்கும் மேற்பட்ட நன்னீர் ஊற்றுகள் உள்ளன. அவ்வூற்றுகளே இங்கு புல்லையும் விலங்கையும் மனிதரையும் வாழவைத்தன. ஷோஷோனி, யூட், கோஷியூட் மக்களும் அவர்களுக்கு முற்பட்ட தொல்குடிகளும் இத்தீவை அறிந்திருந்தார்கள். அவர்கள் வரலாறு ஏட்டில் இல்லை; ஆனால் ஏட்டில் பதிவான முதல் நிகழ்ச்சியில் அவர்களுள் ஒருவர் வருகிறார். அவரைப் பற்றிச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன் என்றாலும் பிழையாகாது.

ஜான் சார்லஸ் ஃப்ரேமாண்ட் என்னும் படைத்துறை நிலஅளவையாளர் 1843 செப்டம்பரில் முதன்முறையாக இவ்வேரிக்கு வந்தார். கசியும் ரப்பர்ப் படகில் சிறிய தீவொன்றுக்குச் சென்றார். அங்கே நீரும் மரமும் விலங்கும் காணாமையால் அதற்கு 'ஏமாற்றத் தீவு' என்று பெயரிட்டுத் திரும்பினார். (அத்தீவு இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது, ஏமாற்றம் வரலாற்றில் இவ்வாறும் புகழாவதுண்டு.) ஏரி நீர் ஐந்து காலனைக் காய்ச்சிப் பதினான்கு பைண்ட் வெண்ணிற உப்பு எடுத்ததையும் எழுதி வைத்திருக்கிறார். நம் உமணர்கள் கேட்டால் வண்டி கட்டிப் புறப்பட்டிருப்பார்கள்.

1845 அக்டோபரில் அவர் மீண்டும் வந்தார். அவருடன் வழிகாட்டி கிட் கார்சனும் இருந்தார். தென்கரையிலிருந்து பெரிய தீவுக்கு நீர் ஆழமின்றி இருக்கிறதென்று அவ்விடத்து மக்கள் கூறவே, குதிரைமீது அமர்ந்தபடி ஏரியைக் கடந்தார்கள். நீர் சேணக் கச்சைக்கு மேல் எழவில்லை. குதிரைகளின் குளம்பு, உருகும் பனிக்கட்டி போன்ற உப்புப் படிவில் புதைந்து புதைந்து எழுந்தது. தீவில் புல்லும் நன்னீரும் இரலைக் கூட்டங்களும் இருந்தன. நெடும்பயணத்தில் இறைச்சிக்கு ஏங்கியிருந்தவர்கள் பல இரலைகளைச் சுட்டு வீழ்த்தினார்கள். அந்த நன்றியிலேயே தீவுக்கு அப்பெயரைச் சூட்டினார்கள்.

கரைக்குத் திரும்பியபோது முதிய யூட் ஒருவர் அவர்களுக்காகக் காத்திருந்தார். அத்தீவின் இரலைகள் யாவும் தம்முடையவை என்றும், கொன்றவற்றுக்கு விலை தரவேண்டும் என்றும் அவர் கூறினார். விளையாட்டாக அன்று, மிகுந்த கண்டிப்போடு கூறினார் என்று ஃப்ரேமாண்ட் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதுகிறார். பொதியை அவிழ்க்கச் செய்து, சிவப்புத் துணியும் கத்தியும் புகையிலையும் கொடுத்தார். முதியவர் மனநிறைவோடு பெற்றுக்கொண்டார். ஃப்ரேமாண்டுக்கு இது வழிப்பயணத்து வேடிக்கைகளுள் ஒன்று. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. துப்பாக்கி ஏந்திய படைப்பிரிவின் முன் ஒரு முதியவர் நின்று, 'எடுத்தீர்களே, கணக்கு எங்கே?' என்று கேட்டிருக்கிறார். அவர் பெயர் எந்த நூலிலும் இல்லை. அவருடைய இனத்தின் பெயர் மட்டும் மாநிலத்தின் பெயராய் நிலைத்திருக்கிறது. அவருக்குப் பின் இத்தீவிலும் ஏரியிலும் எடுத்தவை எத்தனையோ. அவற்றுக்கு இப்படி நேருக்கு நேர் நின்று விலை கேட்டவர் எவரையும் நான் படித்த பக்கங்களில் காணவில்லை.

1847இல் மார்மன் சமயத்தார் இப்பள்ளத்தாக்கில் குடியேறினர். மறு ஆண்டே ஃபீல்டிங் கார் என்பவர் திருச்சபைக்குரிய கால்நடைகளை மேய்க்கத் தீவுக்கு வந்து, சுடாத மண்கற்களால் வீடு எழுப்பினார். வேலியும் வேண்டாம், காவலும் வேண்டாம், ஏரியே வேலி. ஏழைக் குடியேறிகளை அழைத்துவர அமைத்த நிதிக்கு இங்கே வளர்ந்த மந்தை பயன்பட்டது. அக்காலத்தில் நீர் தாழ்ந்திருந்ததால் மணல்திட்டின் வழியே மாடுகளை நடத்தியே கொண்டுவந்தார்கள். 1860களில் ஏரி பெருகத் தொடங்கிற்று, 1873 அளவில் உச்சத்தை அடைந்தது, மணல்திட்டு மூழ்கியது, பின் எல்லாப் போக்குவரத்தும் படகில்தான். ஆடு வளர்ப்பு ஓங்கிய காலத்தில் மயிர் கத்தரிக்கும் பெருங்களமாகவும் இப்பண்ணை விளங்கிற்று.

அவ்வீடு இன்றும் நிற்கிறது. 1848 முதல் 1981 வரை தொடர்ந்து அதில் மக்கள் வசித்தார்கள். நாங்கள் சென்றபோது நண்பகல். சுற்றிலும் வறண்ட புல்வெளி இருக்க, அந்தப் பண்ணையில் மட்டும் பெரிய மரங்களும் நிழலும் இருந்தன. மரக்கிளையொன்றில் கொம்பன் ஆந்தை ஒன்று பகலுறக்கத்தில் இருந்தது. ஊற்றின்மேல் கட்டிய சிறிய அறையில் அக்காலத்தில் பாலும் வெண்ணெயும் வைத்துக் குளிரச் செய்வார்களாம். மண்சுவர்களின் பருமனைக் கையால் தடவிப் பார்த்தபோது, செட்டிநாட்டுக்கு அப்பால் எங்கள் சிற்றூரில் இருந்த பாட்டி வீட்டுத் தானிய அறையின் குளிர்ச்சி நினைவுக்கு வந்தது. வெயில் நாட்டு மக்கள் எங்கிருந்தாலும் சுவரைப் பருமனாகத்தான் கட்டுகிறார்கள்.

இனிப் பைசன்களின் கதைக்கு வருகிறேன். பைசன் என்பது அமெரிக்கக் காட்டெருமை; நம் மலைகளின் ஆமாவுக்கு ஒருவகையில் உறவு. அந்நாட்டுப் பெருவெளிகளில் மூன்று கோடி அளவில் திரிந்ததாகக் கணக்கிடப்படும் அவ்விலங்கு, 1880களின் இறுதிக்குள் தோலுக்காகவும், தொல்குடிகளின் உணவை அறுப்பதற்காகவும் வேட்டையாடப்பட்டு ஓராயிரம் அளவுக்குக் குறைந்துவிட்டது. அவ்வேளையில், 1893ஆம் ஆண்டு, வில்லியம் கிளாஸ்மன், ஜான் டூலி ஆகியோரின் முயற்சியால் 12 பைசன்கள் படகில் ஏற்றப்பட்டு இத்தீவுக்கு வந்தன. ஏரிப் படகோட்டியான ஜார்ஜ் ஃப்ரேரி உதவினார். சிகரம் தாங்கும் பெயர் அவர் குடும்பத்தினுடையது. 1897இல் இறந்த அவர் மனைவி ஆலிஸின் கல்லறை இத்தீவிலேயே இருக்கிறது.

அருள்நெஞ்சத்தால் அவ்விலங்குகளைக் காத்தார்கள் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவன்று. அருகிப்போன விலங்குக்கு விலை ஏறும் என்னும் வணிகக் கணக்கே அதன் பின்னே இருந்தது. மந்தை நூற்றுக்கணக்கில் பெருகிற்று. 1923இல் வெளிவந்த 'தி கவர்டு வாகன்' என்னும் ஊமைப் படத்தின் பைசன் வேட்டைக் காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டன. மூன்றாண்டுகளில் அந்த நடிப்பு மெய்யாயிற்று. ஆடு மாடுகளுக்கு இடையூறாகக் கருதப்பட்ட மந்தை 1926இல் வேட்டைக்கு விடப்பட்டது. நாளிதழ்களில் எதிர்ப்புக் குரல் எழுந்தது; ஆயினும் வேட்டை நடந்தது. மிஞ்சியவை சில பத்துகளே. அந்தச் சிலவற்றின் வழித்தோன்றல்களே இன்று தீவில் மேயும் ஐந்நூறுக்கு மேற்பட்ட பைசன்கள். நிலப்பரப்பின் மந்தைகளோடு நெடுங்காலம் கலவாமையால் இவற்றின் மரபுவழியில் சில தனிக்கூறுகள் இருப்பதாக அறிவியலார் மதிக்கிறார்கள். காத்தவன் மனிதன் என்று கல்வெட்டில் பொறிக்கலாம். ஓடிப்போகவும் கலந்துவிடவும் இயலாதபடி சுற்றி நின்று காத்தது நீர்.

பண்ணைக்குச் செல்லும் வழியில் ஒரு காளை சாலையின் நடுவே நின்றது. மருமகன் வண்டியை நிறுத்தி விளக்கையும் அணைத்தார். அரைமணி நேரம் அது நகரவில்லை. தலை மட்டும் என் பேத்தியின் உயரம் இருக்கும். திமிலிலும் கழுத்திலும் குளிர்காலத்துக்கான மயிர் அடர்ந்து வந்திருந்தது. சாலையோரப் புழுதிக்குழியில் இறங்கிப் புரண்டு எழுந்தது. புழுதி புகைபோல் கிளம்பிக் காரின் கண்ணாடியை மூடிற்று. துடைத்துப் பார்த்தபோது அது எங்களை நோக்கியும் பாராமல் சரிவில் ஏறிக்கொண்டிருந்தது. அக்டோபர் இறுதியில் குதிரைவீரர்கள் சூழ்ந்து மந்தை முழுவதையும் பட்டிக்கு ஓட்டிச்சென்று, நோய்த்தடுப்பு ஊசியிட்டு, மிகுதியானவற்றை விற்பார்கள் என்றும், 1987 முதல் ஆண்டுதோறும் அது நடைபெறுகிறது என்றும் பூங்காவின் பார்வையாளர் நிலையத்தில் அறிந்தேன். தீவின் புல் இத்தனைக்குத்தான் போதும் என்பது கணக்கு.

தீவுக்குப் பெயர் தந்த இரலைகளின் கதி இதனினும் வியப்பானது. அவை 1930கள் அளவில் தீவிலிருந்து அறவே மறைந்தன. அறுபது ஆண்டுகள் இரலையில்லா இரலைத் தீவாகவே அது இருந்தது. 1993இல்தான் வெளியிலிருந்து கொணர்ந்து மீண்டும் விட்டார்கள். கோடியக்கரையில் வெளிமான் கூட்டத்தைக் கண்டு பழகிய கண்ணுக்கு அவை சற்றே பருத்தும் வெளுத்தும் தெரிகின்றன. கொம்பு முன்னோக்கி ஒரு கவையாகப் பிரிகிறது. உயிரியலார் சொல்வதோ இது இரலையே அன்று என்பதாகும். இரலைக் குலம் ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் உரியது. இவ்விலங்கின் நெருங்கிய உறவு ஒட்டகச்சிவிங்கியாம்! நான் இட்ட தமிழ்ப்பெயரும் இதனால் பிழையாகிறது. ஃப்ரேமாண்டின் பிழையோடு என் பிழையும் சேர்ந்து நிற்கட்டும்.

கவிஞர்களுக்கென்று ஒரு செய்தி. சாலையோரப் பாறைகளில் சிவந்த அலகும் கண்ணருகே கரிய பட்டையும் கொண்ட கௌதாரிப் பறவைகள் கூட்டமாக ஓடின. பெயர் கேட்டேன்; சக்கர் என்றார்கள். ஆசிய மலைநாடுகளுக்குரிய பறவை; வேட்டையின்பத்திற்காக அமெரிக்காவில் குடியேற்றப்பட்டது. நிலவொளியை உண்டு வாழும் என்று நாம் பாடிவரும் சகோரம் இதுவே. பெயரும் அதன் திரிபே. உப்பேரித் தீவில் அது நிலவை உண்ணவில்லை. வேற்று நாட்டுப் புல்லின் விதைகளைக் கொத்திக்கொண்டிருந்தது. அதைக் கண்டு எனக்குச் சிரிப்பும் வந்தது. பிழைக்க வந்த இடத்தில் கிடைத்ததை உண்கிறது என்று ஒரு பாசமும் வந்தது.

1969இல் தீவின் வடபகுதியை மாநில அரசு வாங்கிப் பூங்காவாக்கியது. மேட்டுச்சாலையும் அப்போது வந்தது. 1981இல் எஞ்சிய தீவு முழுவதும் பூங்காவாயிற்று. பண்ணையார் வெளியேறினார், மக்களை வரவேற்க எல்லாம் ஆயத்தம். அப்போதுதான் ஏரி எழுந்தது. தொடர்ந்து பெய்த பெரும்பனியால் 1983இல் சாலை மூழ்கியது. 1987இல் நீர்மட்டம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 4,212 அடியைத் தொட்டது. ஏரியின் பரப்பு 3,300 சதுர மைலாக விரிந்தது. நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் வயல்களும் அச்சுறுத்தப்பட்டன. அரசு ஏறத்தாழ ஆறு கோடி டாலர் செலவில் மேற்குப் பாலைநிலத்தில் மாபெரும் நீரிறைப்பு நிலையத்தை நிறுவி, ஏரி நீரை அப்பாலையில் கொட்டிற்று. 1989 வரை அவ்விறைப்பு நடந்தது. தீவோ 1993 வரை, பத்தாண்டுகள், பொதுமக்கள் காலடி படாமல் இருந்தது. பைசன்களுக்கு அது வாழ்வின் நல்ல பத்தாண்டாக இருந்திருக்கும் என்றே எண்ணுகிறேன்.

தண்ணீரை இறைத்துக் கொட்டிய அந்த இயந்திரங்கள் ஓய்ந்து 33 ஆண்டுகள் கழித்து நான் அங்கே நின்றேன். 2022 நவம்பரில் நீர்மட்டம் 4,188.5 அடிக்குத் தாழ்ந்தது; அளக்கத் தொடங்கிய நாள்முதல் அதுவே மிகத் தாழ்ந்த அளவு. பரப்பு 900 சதுர மைலுக்கும் கீழே சுருங்கிற்று. வறட்சியும் வெப்பமும் ஒரு காரணம். ஆனால் பெரும்பங்கு, ஏரிக்கு வரவேண்டிய ஆற்றுநீர் வழியிலேயே எடுக்கப்படுவது. நகரங்களும் தொழில்களும் எடுக்கின்றன. எல்லாவற்றினும் மிகுதியாக வயல்கள் எடுக்கின்றன. அவ்வயல்களில் விளைவது பெரும்பாலும் மாட்டுத் தீவனம், நாம் குதிரை மசால் என்னும் அதே பயிர். பயன்படுத்தாத நீர் உரிமை பறிபோகும் என்பது அந்நாட்டு மேற்குப் பகுதியின் பழைய சட்டம். ஆகவே வேண்டினும் வேண்டாவிடினும் பாய்ச்சினார்கள். உழவர் தம் பங்கை ஏரிக்கென விட்டுவைக்க வழிசெய்யும் திருத்தம் 2022இல்தான் வந்தது. உழவரைப் பழித்துவிட்டு நகர எனக்கு மனமில்லை. என் மகள் வீட்டுப் புல்தரையிலும் காலைதோறும் அந்த ஆற்றுநீர்தான் பூவாகச் சிதறிக்கொண்டிருந்தது. நானும் அதில்தான் குளித்தேன்.

ஏரி சுருங்கினால் உப்பு செறியும். கடல்நீரில் 3.5 விழுக்காடு உப்பு. இவ்வேரியின் தென்பகுதியில் 2022இல் அது 18 விழுக்காட்டையும் தாண்டியது. மீன் வாழாத இந்நீரில் வாழ்பவை ஆர்ட்டீமியா என்னும் சிற்றிறாலும் உவர் ஈயும். நகக்கண்ணளவே உள்ள அவ்விறாலையும் ஈயையும் நம்பி ஆண்டுதோறும் ஒரு கோடி அளவில் பறவைகள் வருகின்றன. முக்குளிப்பான்கள் மட்டும் இலையுதிர் காலத்தில் இலட்சக்கணக்கில் வந்திறங்கி, உண்டு கொழுத்துத் தெற்கே செல்கின்றன. அந்த இறாலின் முட்டைகளை அள்ளி உலகெங்கும் இறால் பொரிப்பகங்களுக்கு அனுப்புகிறார்கள். நம் கிழக்குக் கரையின் இறால் குஞ்சுகளும் அவ்வுணவை உண்டு வளர்ந்தவையே. உப்பு ஓர் அளவைக் கடந்தால் இறாலும் ஈயும் தாங்கா. வற்றிய தரையின் மண்ணில் ஆர்செனிக் முதலிய நச்சுப்பொருள்கள் உள்ளன. காற்றடித்தால் அது பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரங்களின்மேல் படியும்.

இவை நிற்க, தீவு தீவாக இல்லாது போனால் என்ன ஆகும் என்பதற்கு அதே ஏரியில் வேறொரு சான்று உண்டு. வடமேற்கில் கன்னிசன் தீவு என்னும் சிறிய பாறைத்தீவு இருக்கிறது. 1850இல் ஏரியைச் சுற்றி அளந்த ஹோவர்ட் ஸ்டான்ஸ்பரி அங்கே கூழைக்கடாக்களின் பெருங்குடியிருப்பைக் கண்டார். அவற்றுள் முற்றிலும் கண்ணிழந்த முதிய பறவை ஒன்று நன்கு கொழுத்திருந்தது. ஏனையவை அதற்கு இரையூட்டி வந்திருக்க வேண்டும் என்று எழுதினார். விலங்குகளிடம் பரிவு உண்டென்பதற்கு எடுத்துக்காட்டாக 1871இல் டார்வின் அதனைத் தம் நூலில் ஆண்டிருக்கிறார். கூழைக்கடா மீன் தின்னும் பறவை. இவ்வேரியில் மீன் இல்லை. நெடுந்தொலைவு பறந்து நன்னீர் நிலைகளில் மீன் பிடித்துவந்து அவை அத்தீவில் குஞ்சு வளர்த்தது ஒரே காரணத்திற்காக: நரியும் ஓநாயும் அங்கே வர முடியாது. ஏரி வற்றி நிலப்பாலம் தோன்றியது. கொயோட்டி என்னும் நரியொத்த விலங்குகள் நடந்தே சென்றன. 2023ஆம் ஆண்டு அங்கே கூடு கட்டிய கூழைக்கடாக்கள் கூடுகளைக் கைவிட்டுப் போயின. ஆயிரக்கணக்கில் குஞ்சு பொரித்த பாறை அது.

மாலையில் தீவின் மேற்குக் கரைக்குச் சென்றோம். வாகனம் நிறுத்திய இடத்திலிருந்து நீர்விளிம்பை அடைய நெடுந்தொலைவு நடக்க வேண்டியிருந்தது. முன்பு அலை தொட்ட இடத்தில் குடைகள் நட்ட மேடையும் குளியலறைகளும் இருந்தன. இன்று அவை வெறும் மணலின் நடுவே நின்றன. நீரருகே கறுப்புக் கம்பளம் போல் ஈக்கள் அமர்ந்திருந்தன. பேத்தி ஓடியபோது அலையாக எழுந்து அவளுக்கு வழிவிட்டு மீண்டும் அமர்ந்தன. ஒன்றுகூடக் கடிக்கவில்லை. அவள் ஒரு கை நீரை அள்ளி நாவில் வைத்துத் துப்பினாள். கையை உலர்த்தியபோது விரலிடையில் உப்புப் பொருக்கு இருந்தது; வீடு சேரும்வரை அதை அழிக்காமல் வைத்திருந்தாள்.

திரும்பும்போது மேட்டுச்சாலையில் இருட்டிவிட்டது. எங்கே தீவு முடிந்தது, எங்கே ஏரி தொடங்கியது என்று சொல்ல இயலாதபடி இருபுறமும் ஒரே வெண்மை.

நான் ஊர் திரும்பிய அந்தக் குளிர்காலத்தில் யூட்டாவின் மலைகளில் பெரும்பனி பெய்தது. 2023 கோடையில் மருமகன் தொலைபேசியில், "மாமா, ஐந்தடிக்கு மேல் நீர் ஏறிவிட்டது, சாலையருகே தண்ணீர் வந்திருக்கிறது" என்றார். குரலில் மகிழ்ச்சி தெரிந்தது. பேத்தி வாங்கிப் பேசி, இப்பொழுது அது தீவுதான் என்று உறுதி கூறினாள். அடுத்த இரண்டு கோடைகளில் மீண்டும் இறங்கத் தொடங்கிற்று. 2025ஆம் ஆண்டின் இறுதியில் பேசியபோது நானாகக் கேட்டேன். "வெள்ளைத் தரை மறுபடியும் தெரிகிறது மாமா" என்றார்.